விட்டவரே விடுவோருக்குத் துணை

குடியை நிறுத்துவது ஒரு நாள் வேலை. நிறுத்திய நிலையிலேயே நிற்பது ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை. அந்த நீண்ட வேலைக்குக் கை கொடுக்கும் சக குடிநோயாளிகளின் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன? தருமபுரி மாவட்டத்தில் இருப்பவர் அவற்றை எப்படித் தேடிப் பிடிப்பது?

பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். பள்ளிக்கூட வகுப்பறை, தேவாலயத்தை ஒட்டிய அறை, சமுதாயக் கூடம் என்று இடம் எதுவாகவும் இருக்கலாம். மேடை, பொன்னாடை, தலைமை விருந்தினர் எதுவும் கிடையாது. குறித்த நேரம் வந்ததும் ஒருவர் தன் பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்குவார். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். ஊர், சாதி, வேலை பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

அதன்பின் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். விடிந்ததும் பல் துலக்கும் முன்பே குவாட்டர் தேடிப் போன நாட்கள். டீ கிளாஸை ஒரு கையால் பிடிக்க முடியாமல், நடுக்கம் வெளியே தெரியாதபடி இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்த காலைகள். மகள் காதில் கிடந்த கம்மலை அடகுக் கடைக்குக் கொண்டுபோன மாலை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடமாட்டார், அறிவுரை சொல்லமாட்டார். கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோரும் அதே பாதையில் நடந்து வந்தவர்கள். பேசி முடித்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்தவர் தொடங்குவார். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கழித்து, டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை.

உலகெங்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ., என்ற பெயரில் இத்தகைய கூட்டங்கள் நடக்கின்றன. மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகு குடிநோயாளியின் கூடவே வரக்கூடிய ஏற்பாடுகளில் மிக எளியதும் செலவில்லாததும் இதுதான். தருமபுரி போன்ற மாவட்டத்துக்கு இது மிகவும் தேவைப்படுகிறது. ஆனால், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மதுவிலக்கின் முதல் மண்

சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில். இன்றைய தருமபுரி அன்று சேலத்தின் ஒரு பகுதி. 1965 அக்டோபர் 2-ல்தான் அது தனி மாவட்டமானது. மாகாணத்தில் முதலில் கள்ளுக்கடைகள் மூடப்பட்ட ஊர்களில் தருமபுரியும் அரூரும் அடக்கம்.

அதற்கும் முன்பே, திருச்செங்கோடு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை ராஜாஜி நடத்தினார். அதில் அவருக்கு உதவியாக இருந்தவர் கல்கி. மது வருமானம் போனதால் விழுந்த துண்டை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் விலக்கப்பட்டு, 1974-ல் மீண்டும் வந்து, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

கடைகளை மூடக் கோரும் போராட்டங்கள் சேலம் வட்டாரத்தில் ஓயவில்லை. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடையை அகற்றக் கோரிய போராட்டத்தின்போது உயிரிழந்தார். 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் தலா 500 கடைகள் மூடப்பட்டன. மறுபக்கம் கள்ளச்சாராயம். 2008 மே மாதம் கர்நாடகத்திலும் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியிலும் விஷச் சாராயம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலையும் தருமபுரியின் சித்தேரி மலையும் அடுத்தடுத்து இருப்பவை.

கடை இருக்க வேண்டுமா, கூடாதா என்ற விவாதம் தொண்ணூறு ஆண்டுகளை நெருங்குகிறது. அந்த விவாதத்தில் ஒருவரைப் பற்றிய பேச்சு மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது. ஏற்கெனவே குடிக்கு அடிமையாகி, இன்று விட நினைப்பவர் அவர். கடை நாளையே மூடப்பட்டாலும் அவருக்குச் சிகிச்சை வேண்டும், துணை வேண்டும். கடை திறந்தே இருந்தாலும் அதைத் தாண்டி வீட்டுக்கு நடந்துபோகும் பலம் அவருக்கு வேண்டும்.

பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

• தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். நாட்டுச் சராசரி ஐந்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு.

• எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி, மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடி ஒரு பிரச்சினையாகி, உதவி தேவைப்படுகிறது.

• மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்கிறது அதே ஆய்வு.

• 2023–24-ல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் அதிகம்.

மாலை போட்டால் நிற்கிறது, கழற்றினால்?

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சி இது. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. வீட்டில் சிரிப்பு திரும்புகிறது, கடன்காரருக்குத் தவணை போகிறது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய வாரமே பழைய கடைக்குப் பழைய கால்கள் போகின்றன. கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது, குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்வது, கிடா வெட்டில் நிறுத்திய குடியை அடுத்த திருவிழாவரை தொடுவதில்லை என்று நேர்ந்துகொள்வது எல்லாம் இப்படியே முடிவதைப் பார்த்துப் பார்த்து, ‘இவன் திருந்தமாட்டான்’ என்ற முடிவுக்கு வீடு வந்துவிடுகிறது.

விரதம் பொய்யில்லை. அந்த நாட்களில் அவர் உண்மையாகவே குடிக்கவில்லை. அவரால் அது முடிந்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன. கூடவே மாலை போட்ட பத்துப் பேர் இருந்தார்கள். காலையும் மாலையும் ஒன்றுகூடும் இடம் இருந்தது. குடிக்க அழைக்கும் நண்பர் ‘சாமி’ என்று ஒதுங்கிப் போனார். மாலை கழன்றதும் இவையெல்லாம் ஒரே நாளில் மறைந்துவிடுகின்றன. பழைய தனிமையும் பழைய சேர்க்கையும் மட்டும் அப்படியே காத்திருக்கின்றன.

மது அடிமைத்தனத்தை உலகச் சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. சர்க்கரை நோயைப் போல, கட்டுக்குள் வைக்கலாம். ஆனால் கவனிப்பை விட்டுவிட முடியாது. பல ஆண்டு குடித்த மூளையில், ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்ளும் திறன் பழுதாகிவிடுகிறது. அதனால்தான் மீண்டவர்கள் ‘அளவாகக் குடிப்பது’ என்ற பேச்சையே எடுப்பதில்லை. அவர்கள் காவல் காப்பது முதல் கிளாஸைத்தான்.

முதலில் மருத்துவர், பிறகு கூட்டம்

தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இல்லாத உருவங்கள் தெரிவது, குரல்கள் கேட்பது, நாள் கிழமை குழம்புவது என்று நிலை மோசமாகலாம். இதைப் பேய் பிடித்ததாக நினைத்துப் பூசாரியிடம் அழைத்துப் போகும் வீடுகள் உண்டு. மருத்துவமனையில் தகுந்த மாத்திரைகளும் தயமின் என்ற பி-1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் இந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் பாதுகாப்பாகக் கடந்துவிடலாம்.

எனவே, நீண்டகாலமாகக் குடிப்பவர் போக வேண்டிய முதல் இடம் மருத்துவமனை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் வரும் நாட்களை அந்தந்த வட்ட அரசு மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கிறது. அங்கே போதைச் சிகிச்சைக்கென்றே தனி மையம் இயங்குகிறது.

உடல் தெளிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். கையில் மருந்துச் சீட்டோடு நோயாளி பென்னாகரத்துக்கோ பாப்பிரெட்டிப்பட்டிக்கோ பஸ் ஏறுகிறார். பஸ் ஸ்டாண்டில் பழைய கூட்டாளி நிற்கிறார். அந்தச் சந்திப்பிலிருந்து தொடங்கும் காலம்தான் மருத்துவமனையின் கைக்கு எட்டாத காலம். கூட்டங்கள் பிறந்தது இந்தக் காலத்தைத் தாண்டுவதற்காகத்தான்.

அக்ரானில் நடந்த சந்திப்பு

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள அக்ரான் நகரின் ஓட்டல் ஒன்றில், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன் தனியாக நின்றிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், மறுபக்கம் தொலைபேசி. குடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தேவாலயங்களுக்குப் போன் செய்து விசாரித்தார். அப்படி அறிமுகமானவர் டாக்டர் பாப் ஸ்மித், குடியால் தொழிலையே இழந்துகொண்டிருந்த அறுவைச் சிகிச்சை நிபுணர்.

கால் மணி நேரம் மட்டும் பேசுவதாக ஒப்புக்கொண்ட பாப், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். மருத்துவரான அவருக்கு மதுவின் கேடுகளைப் பற்றிப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தன் நிலையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசியது அவருக்கு அதுவே முதல்முறை. அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10, ஏ.ஏ. அமைப்பின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் ஏ.ஏ. 1957-ல் டெல்லியில் தொடங்கியது. இன்று சுமார் 180 நாடுகளில் அதன் குழுக்கள் இருக்கின்றன.

அமைப்பின் விதிகள் எளிமையானவை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. கூட்ட முடிவில் சுற்றிவரும் பையில் விரும்பியவர் விரும்பியதைப் போடலாம். வெளியாரின் நன்கொடையைக் குழு ஏற்பதில்லை. எந்த மதத்தையும் கட்சியையும் சார்வதில்லை. மதுவிலக்கு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கூட அமைப்பு கருத்துச் சொல்வதில்லை. கூட்டத்தில் பார்த்தவரைப் பற்றியோ கேட்டதையோ வெளியே சொல்வதில்லை.

மீட்சிக்கான பாதை பன்னிரண்டு படிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. மதுவின் முன் தன் பலம் செல்லாது என்று ஒப்புக்கொள்வது முதல் படி. தன் குறைகளைக் கணக்கெடுப்பது, யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியலிட்டு முடிந்தவரை ஈடுசெய்வது, கடைசியாக இதே செய்தியை இன்னொரு குடிநோயாளிக்குக் கொண்டுபோவது என்று படிகள் நீள்கின்றன. பல ஆண்டுகள் குடிக்காமல் இருக்கும் ஒருவர், புதியவருக்கு ‘ஸ்பான்சர்’ ஆகிறார். குடிக்கத் தோன்றும்போது, ராத்திரி எந்நேரமானாலும் போன் செய்யக்கூடிய ஆள் அவர். உதவி பெறுபவருக்கு மட்டுமின்றி, உதவுபவரின் மீட்சிக்கும் இதுவே காவல்.

‘இறைவன்’ என்ற பேச்சு வருவதால் நாத்திகர்கள் தயங்குவதுண்டு. தன்னைவிடப் பெரிய சக்தியை அவரவர் புரிந்துகொண்டபடி ஏற்கலாம் என்பதே நடைமுறை. குழுவையே அந்தச் சக்தியாகக் கொண்டு குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

பலன் உண்டா?

2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ. கூட்டங்களோடு இணைத்து முறையாக அளிக்கப்பட்ட சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தனர். வேறு உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் அது 35 சதவீதம். மருத்துவச் செலவு குறைவதையும் அந்தத் தொகுப்பு காட்டியது.

எல்லோரையும் கூட்டம் மீட்டுவிடும் என்று இதற்குப் பொருளில்லை. பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் சறுக்கியிருக்கிறார்கள். ஆனால், தேர்ந்த மனநல நிபுணர்கள் அளிக்கும் சிகிச்சைக்கு இணையாகவும் அதற்கு மேலாகவும், சம்பளம் வாங்காத சாதாரண மனிதர்களின் கூட்டத்தோடு இணைந்த சிகிச்சை பலன் தருகிறது என்பது பெரிய செய்தி. மனநல நிபுணர்கள் குறைவாக இருக்கும் மாவட்டங்களுக்கு அது இன்னும் பெரிய செய்தி.

தருமபுரியில் தேடுவது எப்படி?

ஏ.ஏ. குழுக்கள் விளம்பரம் செய்வதில்லை. பெயர்ப் பலகையும் பெரும்பாலும் இருக்காது. கூட்டம் நடக்கும் இடமும் நாளும் மாறக்கூடியவை. எனவே, கிளம்புவதற்கு முன் விசாரிப்பது அவசியம்.

முதல் வழி, அமைப்பிடமே கேட்பது. ஏ.ஏ.-யின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்திலும் உதவி எண்ணிலும் மாவட்டத்தைச் சொல்லிக் கேட்டால், அருகிலுள்ள குழுவின் தொடர்பு கிடைக்கும். பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. குழு உறுப்பினர் ஒருவரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துப் போவதும் வழக்கத்தில் உள்ளது.

இரண்டாவது வழி, சிகிச்சை பெற்ற இடம். மனநல மருத்துவர், ஆலோசகர், மருத்துவச் சமூகப் பணியாளர் ஆகியோரிடம் ‘ஏ.ஏ. மீட்டிங் எங்கே நடக்கிறது?’ என்று நேரடியாகக் கேட்கலாம். பதிவு பெற்ற போதை மீட்பு மையங்கள் பல, முன்னாள் நோயாளிகளுக்கான கூட்டங்களைத் தாங்களே நடத்துகின்றன. மதுவால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் நிறுவிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, தமிழகத்தில் இத்துறைக்கு முன்னோடி.

மூன்றாவது வழி, அண்டை நகரங்கள். சேலமும் பெங்களூருவும் தருமபுரியோடு ஒரே தேசிய நெடுஞ்சாலையில் இருக்கின்றன. கட்டட வேலைக்காகப் பெங்களூருவில் தங்கியிருக்கும் தருமபுரிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே தமிழில் பேசும் குழுக்கள் இருக்கின்றன. ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசுகிறவருக்கு, வெளியூர்க் கூட்டமே முதல் கூட்டமாக அமைவது நல்லது.

நான்காவது வழி, கைபேசி. 2020 ஊரடங்குக்குப் பின் இணையவழிக் கூட்டங்கள் பெருகின. தமிழிலும் நடக்கின்றன. முகத்தைக் காட்டாமல் கேட்கலாம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போக வேண்டியிருக்கும். ஆனாலும், கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை இல்லை.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர், கட்டணமில்லா எண்களை அழைக்கலாம். தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104.

பெட்டிச் செய்தி: முதல்முறை போகிறவர் கவனத்துக்கு

• ‘திறந்த’ கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். ‘மூடிய’ கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

• பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. கேட்க மட்டும் வந்ததாகச் சொன்னால் போதும்.

• கையெழுத்து, ஆதார், முகவரி எதுவும் தேவையில்லை.

• குடித்துவிட்டு வந்தவரையும் விரட்டுவதில்லை. அமைதியாக உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள்.

• முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதம். ஐந்தாறு கூட்டங்களுக்குப் பிறகு முடிவு செய்யலாம்.

• கிளம்பும் முன் இரண்டு பேரின் போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

• டாக்டர் கொடுத்த மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

காலைப் பின்னுக்கு இழுக்கும் தடைகள்

முதல் தடை, வெட்கம். தெருவில் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்திருக்கும். ஆனால், கூட்டத்துக்குப் போவதை ஒருவர் பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்ற பயம் பிடித்துக்கொள்ளும். சிறிய ஊரில் ரகசியம் நிற்காது என்ற சந்தேகமும் நியாயமானதே. குழுவின் ரகசியக் கட்டுப்பாடு நிலைத்தால்தான் நம்பிக்கை வரும். அதனால்தான் பழைய உறுப்பினர்கள் அதைக் கண்டிப்பாகக் காக்கிறார்கள்.

இரண்டாவது தடை, நேரமும் கூலியும். பாலக்கோடு தக்காளி மண்டிக்கு விடியும் முன்பே போக வேண்டியவர், இரவுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தருமபுரிக்கு வர அரூரின் மலையோரக் கிராமத்துக்காரரால் இயலாது. பெங்களூருவிலிருந்து வாரக் கூலியோடு ஊர் திரும்பும் சனிக்கிழமை மாலைதான் பலருக்கு ஆபத்தான பொழுது. கூட்டம் நடக்க வேண்டிய பொழுதும் அதுவே.

மூன்றாவது, சாதி. வட்டமாக உட்கார்ந்து, ஒரே கெட்டிலிலிருந்து டீ குடித்து, வாழ்க்கையின் மிகக் கேவலமான நாளைப் பற்றி அடுத்த தெருக்காரரிடம் பேசுவது வடமாவட்டக் கிராமங்களில் இன்றும் சுலபமில்லை. தயக்கத்தைத் தாண்டி உள்ளே வந்தவருக்கு, குடிநோய் யாரையும் சாதி பார்த்து விட்டுவைக்கவில்லை என்பது முதல் நாளே விளங்கிவிடும்.

நான்காவது, பெண்கள். குடிக்கும் பெண்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனாலேயே அவர்களின் தனிமை அதிகம். ஆண்கள் நிறைந்த அறைக்குள் ஒரு பெண் நுழைந்து ‘நான் குடிநோயாளி’ என்று சொல்வதற்கு எவ்வளவோ துணிச்சல் வேண்டும். இணையவழி மகளிர் கூட்டங்களும், குழுவிலுள்ள பெண் உறுப்பினரின் நேரடித் தொடர்பும் இவர்களுக்கு உகந்த வழி.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கூட்டம்

குடிப்பவர் ஒருவர், நோய் சுமப்பவர்கள் வீட்டில் எல்லோரும். பாட்டிலை ஒளித்து வைப்பது, மேஸ்திரியிடம் ‘காய்ச்சல்’ என்று பொய் சொல்வது, கடனைத் தானே அடைப்பது, இரவு கதவு தட்டும் சத்தத்துக்காக விழித்திருப்பது என்று மனைவியின் நாட்களும் மதுவைச் சுற்றியே ஓடுகின்றன. பில் வில்சனின் மனைவி லோயிஸ் உள்ளிட்டோர் 1951-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘அல்-அனான்’, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அமைப்பு. பிள்ளைகளுக்காக 1957-ல் ‘அலட்டீன்’ வந்தது.

கணவரைத் திருத்தும் வித்தை எதையும் அங்கே கற்றுத் தருவதில்லை. அவர் குடித்ததற்கு மனைவி காரணமில்லை, அவரைக் கட்டுப்படுத்தும் பொறுப்பும் மனைவியுடையதில்லை என்ற தெளிவே அங்கே கிடைப்பது. குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் வீட்டார் மட்டும் போகலாம். பல வீடுகளில் மனைவி போகத் தொடங்கிய பிறகே கணவர் வந்திருக்கிறார். அடி உதை இருக்கும் வீட்டில் கூட்டம் போதாது. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்துப் பாதுகாப்பை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

பெட்டிச் செய்தி: செய்யக் கூடாதவை

• சாப்பாட்டிலோ டீயிலோ ‘குடி மறக்கும் மருந்து’ கலந்து கொடுக்காதீர்கள். அதில் டைசல்பிராம் என்ற மருந்து இருந்து, அவர் தெரியாமல் மதுவும் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அந்த மருந்து மருத்துவர் மேற்பார்வையில், நோயாளியின் சம்மதத்தோடு தர வேண்டியது.

• கட்டிப்போட்டு, அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இடங்களில் சேர்க்காதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியின் கண்ணியம் அவரது சட்ட உரிமை. பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

• போதையில் இருக்கும்போது விவாதம் செய்யாதீர்கள். தெளிந்த காலை நேரத்தில் பேசுங்கள்.

சறுக்கினால்?

மீட்சி நேர்க்கோட்டில் போவதில்லை. மூன்று மாதம் குடிக்காதவர் ஒரு துக்க வீட்டில் குடித்துவிடுகிறார். காதுகுத்து, கறி விருந்து, மாரியம்மன் பண்டிகை, இழவு என எந்தச் சடங்கிலும் யாராவது ஒருவர் பாட்டிலை நீட்டுவார். மறுநாள் காலை ‘எல்லாம் போச்சு’ என்ற எண்ணம் வரும். அந்த எண்ணமே அடுத்த பாட்டிலைத் திறக்க வைக்கிறது.

கூட்டத்தில் இதற்குத் தண்டனை கிடையாது. திரும்பி வந்தவரை முதல் நாள் போலவே வரவேற்கிறார்கள். எங்கே கால் இடறியது என்று சேர்ந்து பார்க்கிறார்கள். பசி, கோபம், தனிமை, அசதி ஆகிய நான்கில் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்பது மீண்டவர்களின் அனுபவம். பசித்தால் முதலில் சாப்பிடு, கோபம் வந்தால் போன் பண்ணு, தனியாக இருக்காதே, அசதியாக இருந்தால் தூங்கு என்று அவர்கள் சொல்வது கேட்க எளிது. பல இரவுகளைக் காப்பாற்றுவதும் அதுதான். ஆயுள் முழுக்கக் குடிக்கமாட்டேன் என்று யாரையும் சத்தியம் செய்யச் சொல்வதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே கணக்கு. அந்த ஒவ்வொரு நாளும் சேர்ந்து ஓராண்டானதும் அதைப் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

கூட்டம் இல்லாத ஊரில்

தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி என ஏழு வட்டங்கள் கொண்ட மாவட்டம் இது. எல்லா வட்டத்திலும் மதுக்கடைக்குப் போக வழி தெரியும். குடியை விட்டவர்கள் கூடும் அறைக்கும் அதேபோல் வழி தெரிய வேண்டும்.

அதற்குக் கட்டடமோ பட்ஜெட்டோ தேவையில்லை. ஏ.ஏ. மரபுப்படி இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடிக்காமல் இருப்பதற்காக ஒன்றுகூடினாலே அது ஒரு குழு. சேலத்திலோ பெங்களூருவிலோ கூட்டத்துக்குப் போய் மீண்டவர் ஒருவர், ஊர் திரும்பி இன்னொருவரை உட்கார வைத்துப் பேசினால் போதும். குடிநோயாளியின் மீட்சிக்குக் கிராமம் துணை நிற்குமா என்ற சந்தேகத்துக்குத் தஞ்சைப் பகுதி பதில் சொல்லியிருக்கிறது. மஞ்சக்குடி கிராமத்தில் சென்னையின் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை 1980-களின் இறுதியில் தொடங்கிய சிகிச்சை முகாம்களில், ஊரே இடமும் உணவும் தந்து நோயாளிகளைக் குடும்பத்தோடு கவனித்துக்கொண்டது.

அரசு செய்யக்கூடியவையும் எளியவை. வட்ட மருத்துவமனைகளில் வாரம் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்து கொடுக்கலாம். சிகிச்சை முடிந்து போகிறவரின் மருந்துச் சீட்டோடு கூட்ட விவரத்தையும் எழுதிக் கொடுக்கலாம். 2025-ல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பட்ட ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவரும், ஏற்கெனவே மீண்ட ஒருவரைச் சந்தித்த பிறகே வீடு திரும்பும்படி ஏற்பாடு செய்யலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டங்களில் அல்-அனான் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம். பள்ளி நிர்வாகங்களும் கோயில், தேவாலய, மசூதி நிர்வாகங்களும் ஓர் அறையைத் தந்து உதவலாம்.

மதுவிலக்கை முதலில் கண்ட மண், மீட்சிக் கூட்டங்களிலும் முதல் வரிசையில் நிற்க முடியும். வாசகர்கள் ஒவ்வொருவருக்கும் குடியால் தவிக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். அவரிடம் அறிவுரை சொல்ல வேண்டாம். தெளிவாக இருக்கும் ஒரு காலைப் பொழுதில் 14446 என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள். அருகிலுள்ள கூட்டத்தைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். முதல் நாள் வாசல்வரை கூடப் போங்கள். அதற்கு மேல் செய்ய வேண்டியதை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.